வளர்ப்புப் பராமரிப்புக் குடும்பமாக ஆவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளர்ப்புப் பராமரிப்பு பற்றி விசாரிக்க வருபவர்களில் பெரும்பாலோர் தத்தெடுப்பை மனதில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். இன்னும் சிலர் அண்ணன் பிள்ளை, தங்கை பிள்ளை என்று ஏற்கெனவே வீட்டில் இருக்கும் குழந்தைக்கு என்ன வழி என்று கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்கள் இளைஞர் நீதிச் சட்டம் 2015, அதன் கீழ் வந்த விதிகள், மத்திய அரசு 2024இல் திருத்தி வெளியிட்ட மாதிரி வளர்ப்புப் பராமரிப்பு வழிகாட்டுதல் ஆகியவற்றை ஒட்டியவை. அலுவலகப் பெயர்கள் தமிழ்நாட்டில் வழங்குகிறபடி.

"வளர்ப்புப் பராமரிப்புன்னா என்ன? தத்தெடுக்கறதும் இதுவும் ஒண்ணுதானே?"

இல்லை. தத்தெடுத்தால் குழந்தை சட்டப்படி உங்கள் பிள்ளை. பெயர், வாரிசுரிமை எல்லாம் உங்கள் வீட்டைச் சேர்ந்ததாகிவிடும். பெற்றவர்களுடன் இருந்த சட்ட உறவு முடிந்துவிடும். வளர்ப்புப் பராமரிப்பில் இவை எதுவும் மாறுவதில்லை. பெற்றவர்களால் இப்போதைக்கு வளர்க்க முடியாத குழந்தையை, குழந்தைகள் இல்லத்தில் விடாமல், ஒரு குடும்பத்தில் வைத்து வளர்க்கும் ஏற்பாடு இது. சட்டத்தின் 44ஆம் பிரிவு இதைப் பற்றியது.

காலம் இரண்டு வகை. ஓராண்டு வரை என்றால் குறுகிய காலம், அதற்கு மேல் போனால் நீண்ட காலம். நீண்ட காலம் என்பது குழந்தைக்கு 18 வயது ஆகும்வரைகூடப் போகலாம். அதே சமயம், பெற்றவர்களின் நிலைமை சீரானால் குழந்தை அவர்களிடமே திரும்பிப் போகும். அந்த நாள் வந்தால் நல்ல மனதோடு அனுப்பிவைக்க முடியுமா என்பதுதான் விண்ணப்பிக்கும் முன் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய முதல் விஷயம்.

"இதுக்கு லைசென்ஸ் மாதிரி ஏதாவது வாங்கணுமா?"

அட்டையோ உரிமமோ எதுவும் தரமாட்டார்கள். மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு உங்கள் குடும்பத்தை ஆய்வு செய்து தகுதியானது என்று கண்டறிய வேண்டும். அதன் பிறகு குழந்தைகள் நலக் குழு, இன்ன குழந்தையை இந்தக் குடும்பத்தில் இவ்வளவு காலத்துக்கு வைக்கலாம் என்று எழுத்தில் உத்தரவு போட வேண்டும். அந்த உத்தரவுதான் உங்கள் கையில் இருக்கும் ஆவணம். அது இல்லாமல் யாராவது ஒரு குழந்தையை உங்களிடம் ஒப்படைத்தால், ஒப்படைத்தவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், அது வளர்ப்புப் பராமரிப்பு ஆகாது.

குழந்தைகள் நலக் குழுவில் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள். முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கு உள்ள அதிகாரம் அந்தக் குழுவுக்கு உண்டு. எனவே அது போடும் உத்தரவை அலுவலகக் கடிதம்போல் எண்ணி அலட்சியமாக வைக்க வேண்டாம். நான்கைந்து நகல் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பள்ளி, மருத்துவமனை, வங்கி மூன்றிலும் கேட்பார்கள்.

"எந்த மாதிரி குழந்தைங்களைக் கொடுப்பாங்க? கைக்குழந்தை கிடைக்குமா?"

பொதுவாக 6 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள். இல்லத்தில் இருந்தும் நீண்ட காலமாகப் பெற்றோர் யாரும் வந்து பார்க்காதவர்கள், பெற்றோரோ பாதுகாவலரோ வளர்க்கத் தகுதியற்றவர் என்று குழு முடிவு செய்தவர்கள், தாய் தந்தை சிறையிலோ தீராத நோயிலோ இருப்பவர்கள், தத்துக்குத் தகுதி பெற்றும் வயது காரணமாக யாரும் எடுத்துக்கொள்ளாதவர்கள், சிறப்புத் தேவை உள்ளவர்கள்.

கைக்குழந்தைக்காகக் காத்திருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். தத்துக்குப் போகக்கூடியது என்று குழு கருதும் குழந்தையை நீண்ட கால வளர்ப்புப் பராமரிப்பில் வைக்கக் கூடாது என்று 44ஆம் பிரிவே சொல்கிறது. சின்னக் குழந்தைக்கு நிரந்தரமான ஒரு வீடு கிடைக்கும் வாய்ப்பைத் தற்காலிக ஏற்பாடு தடுத்துவிடக் கூடாது என்பதே காரணம். வீடு தேவைப்படுவது பத்து வயதுப் பையனுக்கும் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கும்தான். அவர்களை மனதில் வைத்து வாருங்கள்.

"எங்களுக்குத் தகுதி இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? வயசு வரம்பு உண்டா?"

கணவன் மனைவி இருவரும் இந்தியக் குடிமக்களாக இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு ஆண்டு நிலையான மண வாழ்க்கை வேண்டும். 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைக்கு இருவரின் வயதையும் கூட்டினால் 70க்குக் குறையக் கூடாது. முன்பு இருவருக்குமே 35 தாண்டியிருக்க வேண்டும் என்று இருந்தது. இப்போது கணவருக்கு 38, மனைவிக்கு 32 என்றாலும் போதும்.

வயதைவிட அதிகம் சிக்குவது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, இருவருக்கும் சம்மதம் இருக்க வேண்டும். ஒருவர் விருப்பப்பட்டு மற்றவர் சரியென்று தலையாட்டிய வீடு ஆய்விலேயே தெரிந்துவிடும். இரண்டு, வீட்டில் வசிக்கும் எல்லோருக்கும் மருத்துவப் பரிசோதனை உண்டு. காசநோய், எச்ஐவி, ஹெபடைடிஸ் பி பரிசோதனைகள் அதில் அடங்கும். மாமனார் மாமியார் கூட இருந்தால் அவர்களுக்கும்தான். இதை முன்கூட்டியே வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிவைக்காமல் கடைசி நேரத்தில் மனக்கசப்பு வந்து விண்ணப்பம் நின்றுபோவது உண்டு. குற்ற வழக்கில் தண்டனை பெற்றவர் வீட்டில் இருக்கக் கூடாது. காவல் துறைச் சரிபார்ப்பு நடக்கும்.

"நான் கல்யாணம் ஆகாதவ. தனியா இருக்கேன். எனக்குக் கொடுப்பாங்களா?"

கொடுக்கலாம். 2016 வழிகாட்டுதலில் தம்பதிகளை மட்டுமே எண்ணியிருந்தார்கள். 2024 திருத்தத்தில் திருமணமாகாதவர், துணையை இழந்தவர், மணமுறிவு பெற்றவர், சட்டப்படி பிரிந்து வாழ்பவர் எல்லோருக்கும் இடம் வந்துவிட்டது. தனி நபருக்கு 6 முதல் 12 வயதுக் குழந்தை என்றால் வயது 35 முதல் 55க்குள். 12 முதல் 18 வயதுக் குழந்தை என்றால் 60 வரை.

தனியாக வாழும் பெண் ஆண் குழந்தை, பெண் குழந்தை இருவரையும் வளர்க்கலாம். தனியாக வாழும் ஆணுக்கு ஆண் குழந்தை மட்டுமே. தனி நபர் விண்ணப்பத்தில் கட்டாயம் வரும் கேள்வி: உங்களுக்கு உடம்பு முடியாமல் போனால் குழந்தையை யார் பார்ப்பார்கள்? அக்காவோ தோழியோ, ஒரு பெயரைச் சொல்லி, முடிந்தால் அவரை ஆய்வு நாளன்று வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.

"வாடகை வீடு, சம்பளமும் பெருசா இல்ல. விண்ணப்பிக்கலாமா?"

சொந்த வீடு வேண்டும் என்று எங்கும் இல்லை. குழந்தையின் தேவையைச் சமாளிக்கும் அளவுக்கு வருமானம் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. குழந்தை படுக்க ஒழுங்கான இடம், கழிப்பறை, குடிதண்ணீர், பள்ளிக்குப் போய்வர வசதி இவற்றைப் பார்ப்பார்கள். ஒரு படுக்கையறை வீட்டில் பதின்ம வயதுப் பெண்ணுக்கு உடை மாற்றத் தனியிடம் எங்கே என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும். திரைச்சீலை போட்டுத் தடுத்த மூலைகூடப் பதில்தான். யோசித்தே பார்க்கவில்லை என்பது சரியான பதில் அல்ல.

"எங்க போய் விண்ணப்பிக்கறது? என்னென்ன கொண்டு போகணும்?"

உங்கள் மாவட்டத்தின் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் இடம் சொல்வார்கள். அங்கே நிறுவனம் சாராப் பராமரிப்புக்கென்று, அதாவது குழந்தைகள் இல்லத்துக்கு வெளியே குடும்பங்களில் நடக்கும் பராமரிப்புக்கென்று, ஒரு பாதுகாப்பு அலுவலர் இருப்பார். அவரிடம்தான் பேச வேண்டும். தத்து ஆதார ஆணையமான காராவின் இணையதளத்திலும் வளர்ப்புப் பெற்றோராகப் பதிவு செய்யலாம். அங்கே பதிந்தாலும் வீட்டுக்கு வந்து ஆய்வு செய்வது மாவட்ட அலகுதான்.

ஆதார், பான் அட்டை, இருப்பிடச் சான்று, திருமணச் சான்று (மணமுறிவு, துணை இறப்பு என்றால் அதற்குரிய ஆணை அல்லது சான்று), வருமானச் சான்று, மருத்துவச் சான்றுகள், குடும்பப் புகைப்படம். திருமணச் சான்றில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர், தலைப்பெழுத்தில் மாற்றம் என்று இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் என்று இடையில் யாராவது பணம் கேட்டால் கொடுக்காமல் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடம் நேரடியாகச் சொல்லுங்கள்.

"வீட்டுக்கு வந்து என்ன பார்ப்பாங்க? வீட்டைப் பெயின்ட் அடிச்சு வைக்கணுமா?"

வேண்டாம். சமூகப் பணியாளர் சுவரைப் பார்க்க வருவதில்லை. கணவன் மனைவியிடம் சேர்த்தும் தனித்தனியாகவும் பேசுவார். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமும் பேசுவார். அக்கம்பக்கத்திலும் விசாரிப்பார். உங்கள் சிறு வயதில் உங்களை எப்படி வளர்த்தார்கள், கோபம் வந்தால் என்ன செய்வீர்கள், வீட்டில் குடிப்பழக்கம் உண்டா, ஏன் இப்போது இந்த எண்ணம் வந்தது என்றெல்லாம் கேள்விகள் வரும்.

உங்கள் வீட்டைப் பற்றி அவர் எழுதும் இல்ல ஆய்வு அறிக்கை எங்கே தடுமாறும் என்றால், உள்நோக்கத்தில். "மாமியாரைப் பார்த்துக்க ஆள் வேணும்", "கடையில கூடமாட ஒத்தாசையா இருக்கும்", "ஒத்தப் பிள்ளைக்கு விளையாடத் துணை வேணும்" என்று ஏதாவது வெளிப்பட்டால் அலுவலர் தயங்குவார்; தயங்கத்தான் வேண்டும். சமீபத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடாக இருந்தாலும் பொறுக்கச் சொல்வார்கள். போன பிள்ளையின் இடத்தில் உட்காரும் பாரத்தை இன்னொரு குழந்தை மேல் ஏற்றக் கூடாது. உங்கள் சொந்தப் பிள்ளை "எனக்கு இஷ்டமில்ல" என்று சொன்னால், அதைச் சமாளித்துப் பேசி மழுப்பாமல் விண்ணப்பத்தை ஆறு மாதம் தள்ளிப்போடுவது நல்லது.

"குழந்தையை நாங்க பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமா?"

வரிசையாக நிறுத்திக் காட்டும் வழக்கம் கிடையாது. குழந்தையைப் பற்றிய ஆய்வு அறிக்கையையும் உங்கள் இல்ல ஆய்வு அறிக்கையையும் பக்கத்தில் வைத்து, வயது, மொழி, பழக்கவழக்கம், படிக்கும் பள்ளி, உடல்நிலை இவற்றைப் பொருத்திப் பார்ப்பார்கள். பிறகு நீங்களும் குழந்தையும் சந்தித்துப் பழக ஏற்பாடு நடக்கும். ஆற்றுப்படுத்துநர் (கவுன்சிலர்) இரு தரப்பிடமும் பேசுவார். குழந்தை வேண்டாம் என்று சொன்னால் அத்தோடு விட்டுவிட வேண்டும்.

அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்றால் பிரிக்காமல் ஒரே வீட்டில் வைக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இருவரை ஏற்க முடியும் என்றால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்ட வீடுகள் கிடைப்பது அரிது.

"அரசாங்கம் பணம் தருமாமே, எவ்வளவு?"

மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வத்சல்யாவில் குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய். மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்ளும் தொகை. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான நிதி ஆதரவு மற்றும் வளர்ப்புப் பராமரிப்பு ஒப்புதல் குழு அனுமதித்த பிறகு வங்கிக் கணக்குக்கு வரும்.

இது குழந்தையின் செலவுக்கானது. வளர்ப்பவருக்கான சம்பளம் அல்ல. பள்ளிச் சீருடை, டியூஷன், பல் மருத்துவர் என்று போனால் 4,000 போதாது. இந்தத் தொகை ஒரு மாதம் தாமதமானாலும் குழந்தையின் சாப்பாடும் படிப்பும் தடைபடாத குடும்பம்தான் இதற்கு ஏற்றது. செலவுக்கு ஒரு சின்ன நோட்டுப் போட்டு எழுதிவையுங்கள்; ஆய்வுக்கு வரும்போது எடுத்துக் காட்டலாம்.

"எங்க அண்ணன் அண்ணி ரெண்டு பேரும் தவறிட்டாங்க. பிள்ளைங்க எங்ககூடதான் இருக்காங்க. நாங்களும் விண்ணப்பிக்கணுமா?"

முதலில் நிதி ஆதரவுத் திட்டத்தைக் கேளுங்கள். உறவினர் வீட்டில் வளரும் குழந்தைக்கும் மாதம் 4,000 ரூபாய் கிடைக்க அதில் வழி உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000, நகர்ப்புறத்தில் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. விண்ணப்பம் போவது மேலே சொன்ன அதே மாவட்ட அலகுக்குத்தான். இறப்புச் சான்றுகள், பள்ளிச் சான்று, வருமானச் சான்று கொண்டு போங்கள். பெற்றோர் பெயரில் நிலமோ சேமிப்போ இருந்தால் அது பிள்ளைகளுடையது. அதைத் தனியாகக் கணக்கு வைத்துக் காப்பாற்றுங்கள்.

"தெரிஞ்ச அம்மா ஒருத்தங்க குழந்தையை வளர்க்க முடியலைன்னு அழறாங்க. பத்திரத்துல எழுதி வாங்கிக்கலாமா?"

கூடவே கூடாது. முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினாலும், நோட்டரி முத்திரை வைத்தாலும் அதற்குச் சட்ட மதிப்பு கிடையாது. முறைப்படி அல்லாமல் தத்துக் கொடுப்பதும் வாங்குவதும் 80ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். பணம் கைமாறியிருந்தால் 81ஆம் பிரிவு; 5 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் அபராதம். நல்ல எண்ணத்தில் செய்தவர்களும் வழக்கில் மாட்டுவார்கள். குழந்தையோ மறுபடி இல்லத்துக்குப் போகும்.

அந்த அம்மாவை நீங்களே குழந்தைகள் நலக் குழுவிடம் அழைத்துப் போங்கள், அல்லது குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழைக்கச் சொல்லுங்கள். பல நேரம் வறுமைதான் காரணம். அவருக்கே நிதி ஆதரவு கிடைத்தால் குழந்தை தாயிடமே இருக்கும். உண்மையாகவே வளர்க்க இயலாது என்றால் குழுவின் முன்னிலையில் ஒப்படைக்கலாம். மனம் மாற அவருக்கு இரண்டு மாதம் அவகாசம் உண்டு.

"குழந்தை வந்த புதுசுல எப்படி இருக்கும்?"

முதல் சில நாட்கள் சொன்னதெல்லாம் கேட்டு, ரொம்பச் சமத்தாக இருக்கும். அதை நம்பிச் சந்தோஷப்படும் நேரத்தில்தான் மாற்றம் வரும். பத்து வயதிலும் படுக்கையை நனைப்பது, தலையணைக்கடியில் பிஸ்கட்டைப் பதுக்கிவைப்பது, சின்னச் சின்னப் பொய், "நீ ஒண்ணும் என் அம்மா இல்ல" என்று கத்துவது. இங்கிருந்தும் அனுப்பிவிடுவார்களா என்று குழந்தை சோதித்துப் பார்க்கிறது. உணவைப் பதுக்கினால் பறிக்காதீர்கள். எப்போது வேண்டுமானாலும் எடுத்துச் சாப்பிட ஒரு டப்பா அதற்கென்று வைத்துவிடுங்கள். எந்த நேரமும் சாப்பாடு இருக்கும் என்று நம்பிக்கை வந்ததும் பதுக்கல் தானாகக் குறையும்.

உறவினரைக் கூட்டி விருந்து வைப்பது, மொட்டை போட்டுக் காது குத்துவது, பெயரை மாற்றி அழைப்பது எல்லாம் வேண்டாம். "அம்மா, அப்பா" என்று கூப்பிடச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். அத்தை, மாமா, பெரியம்மா, எது குழந்தையின் வாயில் இயல்பாக வருகிறதோ அதுவே போதும். அடி கூடாது; ஒரு அறைகூட. குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் துன்புறுத்தினால் 75ஆம் பிரிவு பாயும். சமாளிக்க முடியாத நாளில் ஆற்றுப்படுத்துநரை அழையுங்கள். அதற்காகத்தான் அவர் இருக்கிறார்.

"பள்ளிக்கூடத்துல டிசி கேக்கறாங்க, பிறப்புச் சான்று கேக்கறாங்க. எங்ககிட்ட எதுவும் இல்லையே?"

6 முதல் 14 வயது வரை, வயதுச் சான்று இல்லை என்பதற்காகப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் மறுக்கக் கூடாது. குழு உத்தரவின் நகலைக் கொடுத்துச் சேருங்கள். தலைமையாசிரியர் தயங்கினால் பாதுகாப்பு அலுவலரிடமிருந்து ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். தந்தை, தாய் பெயர்க் கட்டத்தில் உங்கள் பெயரை எழுதிவிடாதீர்கள். பின்னால் சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றிலும் சிக்கல் தொடரும். உங்கள் பெயர் பராமரிப்பாளர் என்ற இடத்தில்தான் வர வேண்டும்.

மருத்துவமனையில் அவசரம் என்றால் சிகிச்சையைத் தொடங்கச் சொல்லிவிட்டு அலுவலரை அழையுங்கள். திட்டமிட்ட அறுவை சிகிச்சை, வெளிமாநிலப் பயணம் போன்றவற்றுக்குக் குழுவின் அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள்.

"பெத்தவங்க வந்து பார்ப்பாங்களா? அது தொந்தரவா இருக்காதா?"

பெற்றவர்கள் இயலாதவர்கள் என்பதால் குழந்தை உங்களிடம் வந்திருந்தால், குறிப்பிட்ட இடைவெளியில் வந்து பார்க்க அவர்களுக்கு வழி உண்டு. குழந்தைக்கு நல்லதில்லை என்று குழு காரணம் எழுதித் தடுத்தால் மட்டுமே விலக்கு. பார்த்துவிட்டுப் போன அன்று இரவு குழந்தை அழும், சாப்பிடாது, உங்கள் மேல் எரிந்து விழும். அதற்காகச் சந்திப்பை நிறுத்தச் சொல்லாதீர்கள். பிரிவின் வலி அது. சந்திப்பு நின்றால் வலி உள்ளே போகுமே தவிரப் போய்விடாது. பெற்றவர்களைப் பற்றிக் குழந்தையின் காதில் விழ ஒரு சொல்லும் தாழ்த்திப் பேச வேண்டாம்.

சந்திப்பில் தகராறு, குடித்துவிட்டு வருவது, பணம் கேட்பது என்றால் தேதியுடன் எழுதி அலுவலரிடம் கொடுங்கள். சந்திப்பு இடத்தை அலுவலகத்துக்கு மாற்றச் சொல்லலாம்.

"குழந்தை போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வைக்கலாமா?"

வேண்டாம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளம் எந்த வகை ஊடகத்திலும் வெளிவரக் கூடாது என்பது 74ஆம் பிரிவு. மீறினால் 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டு ஆல்பத்துக்கு நிறைய எடுத்துவையுங்கள். குழந்தை போகும்போது கையில் கொடுத்தனுப்ப அதைவிட நல்ல பொருள் இல்லை.

"மாசா மாசம் வந்து சோதனை போடுவாங்களா?"

ஆம். மாதந்தோறும் ஆய்வு என்பது சட்டத்திலேயே இருக்கிறது. குழந்தையிடம் தனியாகப் பேசுவார்கள். நீங்கள் அந்த நேரம் அடுத்த அறைக்குப் போய்விடுவது நல்லது. குறை கண்டால் குழந்தையை வேறு குடும்பத்துக்கு மாற்றலாம். குழந்தை தனக்கு முன்பு நடந்த பாலியல் கொடுமை எதையாவது உங்களிடம் சொன்னால் ஆய்வு நாள் வரை காத்திருக்கக் கூடாது. காவல் நிலையத்திலோ சிறப்புச் சிறார் காவல் பிரிவிலோ உடனே தெரிவிப்பது போக்சோ சட்டப்படி கட்டாயம். தெரிவிக்காமல் விடுவதும் குற்றம். குழந்தையைத் துருவித் துருவிக் கேட்காமல், சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதிவைத்துக் கொடுங்கள்.

"ரெண்டு வருஷம் வளர்த்தா நமக்கே தத்துக் கொடுத்துடுவாங்களாமே?"

பாதி சரி. முன்பு ஐந்து ஆண்டு வளர்த்த பிறகே தத்துக் கேட்க முடியும் என்று இருந்தது. இப்போது இரண்டு ஆண்டாகக் குறைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் குழந்தை தத்துக்குச் சட்டப்படி விடுவிக்கப்பட்டது என்று குழு அறிவித்திருக்க வேண்டும். பெற்றவர்கள் உயிரோடிருந்து உரிமையை விடாதவரை எத்தனை ஆண்டு வளர்த்தாலும் அது நடக்காது. நடந்தால், காராவின் முறைப்படி விண்ணப்பம் போய், மாவட்ட ஆட்சியர் தத்து ஆணை பிறப்பிப்பார். 2022 செப்டம்பர் முதல் இந்த அதிகாரம் நீதிமன்றத்திலிருந்து ஆட்சியரிடம் வந்திருக்கிறது.

தத்துதான் நோக்கம் என்றால் நேரடியாகத் தத்துக்கே பதிவு செய்யுங்கள். தத்து ஆணைக்கு முன் குழந்தையைச் சில காலம் உங்களிடம் விடும் தத்துக்கு முந்தைய பராமரிப்பு என்று ஒன்று உண்டு. அது வேறு, இந்தப் பக்கத்தில் பேசுவது வேறு.

"முடியலைன்னா திருப்பி விட்டுடலாமா?"

இல்ல வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வர முடியாது. கைவிடுதலும் மேலே சொன்ன 75ஆம் பிரிவில் அடங்கும். பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லி, குழு மாற்று உத்தரவு போடும்வரை குழந்தை உங்கள் பொறுப்புதான். சிரமம் முற்றும்வரை மறைக்காமல், இரண்டாவது மூன்றாவது மாதத்திலேயே பேசினால் பெரும்பாலும் வழி பிறக்கும். அப்படியும் முடியாது என்றால், குழந்தையிடம் நீங்களே உட்கார்ந்து சொல்லுங்கள். "ஊருக்குப் போறோம்" என்று பொய் சொல்லிக் கூட்டிப்போய் விடுவது, அடுத்து வரும் எந்த வீட்டையும் அந்தக் குழந்தை நம்ப முடியாமல் செய்துவிடும்.

"குழு எங்களுக்கு எதிரா உத்தரவு போட்டா கோர்ட்டுக்குப் போகலாமா?"

வளர்ப்புப் பராமரிப்பு தொடர்பான குழு உத்தரவுக்கு மேல்முறையீடு போகும் இடம் மாவட்ட ஆட்சியர். 101ஆம் பிரிவின்படி உத்தரவு தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். குழுவின் மற்ற உத்தரவுகள் போவது குழந்தைகள் நீதிமன்றத்துக்கு என்பதால் பலர் அங்கே போய் நாளைத் தொலைக்கிறார்கள். மேல்முறையீட்டில் "எங்களுக்கு உரிமை" என்று வாதாடிப் பயனில்லை. உரிமை குழந்தையுடையது. குழந்தையின் நலனுக்கு எது கேடு என்பதைப் பள்ளி, மருத்துவப் பதிவுகளோடு எழுதுங்கள்.

"18 வயசு முடிஞ்சா அன்னிக்கே வீட்டை விட்டு அனுப்பணுமா?"

அனுப்பச் சொல்லி யாரும் வரமாட்டார்கள். 18 ஆனதும் குழுவின் உத்தரவும் மாதத் தொகையும் முடிகின்றன, அவ்வளவுதான். இருவருக்கும் விருப்பம் என்றால் சேர்ந்தே இருக்கலாம். படிப்பு, தொழிற்பயிற்சி நடுவில் இருந்தால் பிற்காப்புத் திட்டத்தில் 21 வயது வரையும், தேவைப்பட்டால் 23 வரையும் உதவி கேட்கலாம். இதற்கான பேச்சை 17 வயதிலேயே பாதுகாப்பு அலுவலரிடம் தொடங்குங்கள். வங்கிக் கணக்கு, சாதிச் சான்று, ஆதாரில் முகவரி, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் எல்லாம் அதற்குள் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும்.